கேம் நியூட்டனைப் பற்றி எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சந்தோஷம். பிரசுரத்துக்கு முன்னால் அந்தக் கட்டுரைகளில் பல என் மேசைக்கு வரும். 2010 சீசனில் ஆபர்ன் பல்கலைக்கழக அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்த கேம் நியூட்டன் கதை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில்தான் புதியவர்களும் விழுகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, ஸ்கோர் இடம் மாறுவது போன்றவற்றை விடுங்கள், தேடினால் சரியாகிவிடும்.

வருஷத்தையும் சீசனையும் ஒன்றாக எண்ணுவது

2007-இல் நியூட்டன் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியில் டிம் டீபோவுக்கு மாற்று குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். 2008-இல் முதல் ஆட்டத்திலேயே கணுக்காலில் அடி, அதோடு அந்த சீசன் முடிந்தது. ஆனால் காயத்துக்காக 'ரெட்ஷர்ட்' என்ற சலுகை கிடைத்ததால், அவர் ஆடக்கூடிய சீசன்களின் கணக்கில் அந்த வருஷம் ஏறவில்லை. அதனால்தான் 2010-இல், கல்லூரிக்கு வந்து மூன்று வருஷம் கழித்தும், அவர் மூன்றாம் ஆண்டு ஆட்டக்காரர்தான்.

கைதானதும் தீர்ப்பையும் நாமே எழுதிவிடுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது.

நடந்தது இது. 2008 நவம்பரில் சக மாணவர் ஒருவரின் லேப்டாப் திருடுபோன விஷயத்தில் நியூட்டன் கைதானார். போலீஸ் விடுதி அறைக்கு வந்தபோது லேப்டாப்பை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார் என்றது போலீஸ் தரப்பு. அத்துமீறி நுழைந்தது, திருட்டு, விசாரணைக்கு இடையூறு என்று குற்றச்சாட்டுகள். அணியிலிருந்து சஸ்பெண்ட். அப்புறம் நீதிமன்றம் அனுமதித்த 'டைவர்ஷன்' திட்டத்தை அவர் முடித்துக் கொடுத்தார், குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

பலரும் கவனிக்காமல் தாண்டிப்போவது இந்தக் கடைசி வரியைத்தான். முதல்முறை மாட்டியவர்களுக்கு அமெரிக்காவில் பல இடங்களில் இந்த வழி உண்டு. விதித்த நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் வழக்கு விசாரணைக்கே போகாது. ஆகவே குற்றவாளி என்ற தீர்ப்பும் இல்லை, நிரபராதி என்ற தீர்ப்பும் இல்லை. 'திருட்டு வழக்கில் தண்டிக்கப்பட்ட' என்று எழுதினால் பொய். அவர்மேல் அபிமானம் உள்ளவர்கள் எழுதுகிற 'நீதிமன்றம் விடுவித்தது' என்பதும் அதே அளவு பொய்.

ஒரு தம்பி 'லேப்டாப் திருடிச் சிறைக்குப் போன சாம்பியன்' என்று தலைப்பு வைத்து அனுப்பினார். மாற்றச் சொன்னேன். "கைதானார்ல அண்ணே, அப்புறம் என்ன?" என்றார். எனக்குத் தெரியாமல் வேறோர் இடத்தில் அதே தலைப்போடு வெளியிட்டும்விட்டார். வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியதும் கட்டுரையை எடுத்துவிட்டார்கள், தம்பிக்கு அங்கே வாய்ப்பும் போனது. ஆனால் அதற்குள் வாட்ஸ்அப்பில் பரவிய பிரதி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கைவிலங்கோடு படம் வந்தாலே ஆளைக் குற்றவாளியாக்கும் பழக்கம் நம் பத்திரிகைகளைப் படித்தே நமக்கு ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம்.

வழக்கு பற்றிய ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் சொன்னது என்பது இருக்கட்டும்: போலீஸா, அரசு வழக்கறிஞரா, நீதிபதியா? கைதைப் பற்றி எழுதினால் வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். முடிவு கிடைக்காவிட்டால் கைதைத் தலைப்பில் வைக்காதீர்கள்.

ப்ளின் கல்லூரியை 'நாடு கடத்தல்' ஆக்குவது

டெக்சஸின் பிரென்ஹாமில் உள்ள இரண்டாண்டுக் கல்லூரி அது. பெரிய அணி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவினால் அன்றைய விதிப்படி ஒரு சீசன் வெளியே உட்கார வேண்டும். ஜூனியர் கல்லூரிக்குப் போனால் உடனே ஆடலாம். ஃப்ளோரிடாவை விட்டு அவர் அங்கே போனார், 2009-இல் ஜூனியர் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்றார், அடுத்த வருஷம் ஆபர்ன். பாதை மாறினாலும் கணக்குத் தப்பவில்லை.

'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்று எழுதுவது

கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் அந்த ஏற்பாடு 2018-இல்தான் வந்தது.

எண்களைக் கொட்டுவது

2010-இல் பந்தை எறிந்து (பாஸிங்) எடுத்தது 2,854 யார்டு, ஓடி எடுத்தது 1,473. போதும்.

உருண்டைப் பந்துப் படம் வைப்பது

இந்த ஆட்டத்தின் பந்து முட்டை வடிவம். சிரிப்பார்கள்.

என்சிஏஏ விசாரணையைக் கோர்ட் வழக்காக்குவது

2010-இல் கிளம்பிய பண விவகாரத்தையும் 2008 கைதையும் ஒரே 'வழக்கு' என்று முடிச்சுப் போடுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. மகனைச் சேர்த்துவிட நியூட்டனுடைய அப்பா மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத் தரப்பிடம் பணம் பேசினார் என்பதுதான் அந்தப் பண விவகாரம். என்சிஏஏ கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு, நீதிமன்றம் அல்ல. ஓர் ஆட்டக்காரரைப் பற்றி அது சொல்லக்கூடியது ஆடலாமா கூடாதா என்பதைத்தான். நவம்பர் 30-இல் ஆபர்ன் அவரைத் தகுதியற்றவர் என்று அறிவித்தது. மறுநாளே என்சிஏஏ தகுதியைத் திருப்பிக் கொடுத்தது. அப்பா பேசியது நியூட்டனுக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. டிசம்பர் 4-இல் சவுத் கரோலைனாவுக்கு எதிராக இறங்கினார், ஆபர்ன் 56-17 என்று ஜெயித்தது. அதே மாதம் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மேன் விருது, 2011 ஜனவரி 10-இல் ஓரிகனை 22-19 என்று வென்று தேசியப் பட்டம். என்சிஏஏ ஆபர்ன் மீதான விசாரணையை மூடியது அந்த வருஷம் அக்டோபரில்தான்.