குதிரைக்கு ஓட்ஸ்: டின்னால் அளக்காதீர்கள்

பதினொரு வருடமாகக் கொழும்பில் குதிரை லாயத்தில் வேலை செய்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளின் கையில் முதல் நாளே ஒரு தொங்கு தராசைக் கொடுத்துவிடுவேன். அதற்குக் காரணம் ராணி என்ற பெட்டைக் குதிரை.

ஒரு நாள் ஓட்ஸ் முடிந்துவிட்டது. உதவிக்கு நின்ற பையன், ஓட்ஸ் அளக்கிற அதே பால்மா டின்னில், அதே அளவு சோளத்தை அள்ளி வைத்துவிட்டான். ஒரு டின் சோளம் ஒரு டின் ஓட்ஸைவிட மிகவும் கனம். அதிலுள்ள சக்தியோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாலையில் ராணி காலால் நிலத்தைக் கீறி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வயிற்றுக் குத்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மிருக வைத்தியர் வந்து, நடுச்சாமம் தாண்டித்தான் அது தணிந்தது.

குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சிறியது. ஒரே நேரத்தில் நிறையத் தானியம் போனால் மாச்சத்து செரிக்காமலே பெருங்குடலுக்கு இறங்கிப் புளிக்கும். அதனால் வயிறும் கெடும், குளம்பும் அழன்று நொண்டும். ஓட்ஸில் உமி அதிகம், மாச்சத்தும் சிறுகுடலிலேயே நன்றாகச் செரிக்கும். தானியங்களில் அதுதான் சாது. சோளத்தையும் பார்லியையும் நசுக்கியே கொடுங்கள். 'கொள்ளென்றால் வாயைத் திறக்கும்' என்பார்களே, அந்தக் கொள்ளை இரவு முழுக்க ஊறவைத்து அவித்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

முதலில் புல். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த புல் என்றால் ஏழு கிலோவாவது வேண்டும். பச்சைப் புல் என்றால் முப்பது கிலோ அளவில். அதற்கு மேல்தான் ஓட்ஸ். லேசாக ஓடுகிற குதிரைக்கு ஒன்றரைக் கிலோ, காலையும் மாலையுமாகப் பிரித்து. எவ்வளவு உழைத்தாலும் ஒரு வேளைக்கு இரண்டு கிலோவைத் தாண்டவே வேண்டாம். தீனியை மாற்றுவதாக இருந்தால் பத்து நாள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

நம் ஊரில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே சுலபமாகக் கிடைப்பது கினிப் புல். அதிலுள்ள ஒட்சலேற்று என்ற பொருள் கல்சியத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும். ஓட்ஸிலும் தவிட்டிலும் பொஸ்பரசு கூட, கல்சியம் குறைவு. மலிவு என்று தவிட்டையும் அள்ளிப் போட்டால் எலும்பு பலவீனமாகி முகம் வீங்கிவிடும். தவிட்டைக் குறைத்து, சுண்ணாம்புக்கல் தூள் எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். வியர்வைக்கு உப்பும் தேவை.

அப்புறம் பூஞ்சணம். மே மாதம் மழை தொடங்கினால் மூட்டையைச் சீமெந்துத் தரையில் வைக்கவே கூடாது. நான் புறக்கோட்டையில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, பலகை மேல் மூடியுள்ள பீப்பாயில் போடுகிறேன். தினமும் ஒரு கைப்பிடி முகர்ந்து பார்ப்பேன். புழுங்கல் வாடை வந்தால் பீப்பாய் முழுவதும் குப்பைக்கு. பூஞ்சணம் பிடித்த சோளம் குதிரையின் மூளையையே அழிக்கும்.

ராணிக்கு இப்போது பல் தேய்ந்துவிட்டது. நசுக்கிய ஓட்ஸை நனைத்து, 700 கிராம் நிறுத்து வைத்தால் கடைசிப் பருக்கை வரை நக்கிவிட்டுத்தான் தலையைத் தூக்குகிறது.