டாஸ்க்பாரில் விண்டோவைத் தேடி அலைவது ஏன்? நாமே செய்யும் சில தவறுகள்

ஐந்து வேர்ட் கோப்புகள் திறந்திருக்கின்றன. கீழே டாஸ்க்பாரில் தெரிவதோ ஒரே ஒரு நீல ஐகான். அதன்மேல் மவுஸை வைத்தால் ஐந்து குட்டிப் படங்கள் எட்டிப் பார்க்கும். எல்லாமே வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. குத்துமதிப்பாக ஒன்றைக் கிளிக் செய்து, அது இல்லையென்று திரும்பி வந்து மறுபடி அடுத்ததைக் கிளிக் செய்ய வேண்டும். நாள் முழுக்க இப்படி மல்லுக்கட்டுகிறவர்களில் பலருக்கு இதை மாற்ற முடியும் என்றே தோன்றுவதில்லை. முதல் தவறு அதுதான்.

விண்டோஸ் 95-இல் ஒரு விண்டோவுக்கு ஒரு பட்டன், அதில் பெயரும் இருக்கும். 2001-இல் வந்த எக்ஸ்பி, இடம் போதாதபோது ஒரே செயலியின் பட்டன்களைச் சேர்த்துக் கட்டியது. 2009-இல் விண்டோஸ் 7 பெயரையும் எடுத்துவிட்டு ஐகானை மட்டும் விட்டுவைத்தது. ஆனால் வேண்டுமென்றால் பழையபடி பிரித்துக்கொள்ளலாம். 2021-இல் வெளியான விண்டோஸ் 11 அந்த வசதியையும் பறித்தது. பயனர்கள் ஓயாமல் முணுமுணுத்த பிறகு 2023-இல், 23எச்2 பதிப்பில், திருப்பிக் கொடுத்தது.

இந்த இரண்டு வருட இடைவெளியில் வந்த ஆலோசனைகளை இன்றும் நம்புவது அடுத்த தவறு. “பதினொன்றில் முடியாது, இந்தக் கருவியைப் போட்டுக்கொள்” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். அப்படிப்பட்ட கருவிகள் பல, டாஸ்க்பாரை இயக்கும் எக்ஸ்ப்ளோரர் என்ற விண்டோஸ் நிரலுக்குள் புகுந்து வேலை செய்பவை. அடுத்த பெரிய அப்டேட் வரும் நாளில் டாஸ்க்பாரே காணாமல் போனாலும் ஆச்சரியமில்லை. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதில் டாஸ்க்பார், அதன் அடியில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்று போனால் பட்டன்களைச் சேர்ப்பதற்கான தேர்வு இருக்கிறது: ஆல்வேஸ், டாஸ்க்பார் நிறைந்தால் மட்டும், நெவர்.

நடுவில் உள்ளது நியாயமானதாகத் தோன்றும். எனக்கு அதுதான் மிகவும் எரிச்சல். பன்னிரண்டாவது விண்டோவைத் திறந்ததும், அதுவரை வரிசையாக நின்ற நான்கு பிரவுசர் பட்டன்கள் ஒன்றாகச் சுருங்கிவிடும். கை பழகிய இடத்தில் வேறு ஏதோ நிற்கும். ஒரே செயலியில் பல கோப்புகளை வைத்து வேலை செய்பவர்களுக்கு ‘நெவர்’ நல்லது. செயலிக்கு ஒரு விண்டோ மட்டும் திறப்பவர்கள் ‘ஆல்வேஸ்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம்; அவர்களுக்குப் பெயர்கள் வெறும் அடைசல்தான்.

சரி, நெவர் வைத்தாயிற்று. இப்போது ஐந்து பட்டன்களிலும் “ஆண்டுக் கூட்ட அறி...” என்றே இருக்கிறது! பட்டனின் அகலத்துக்குப் பெயரின் தொடக்கம் மட்டும்தான் தெரியும் என்பதை மறந்துவிடுகிறோம். விண்டோக்கள் கூடக்கூட அதுவும் ஒடுங்கும். இதற்கு மருந்து செட்டிங்ஸில் இல்லை, கோப்புக்குப் பெயர் வைப்பதில்தான் இருக்கிறது. “ஆண்டுக் கூட்ட அறிக்கை - செலவு” என்பதை “செலவு - ஆண்டுக் கூட்ட அறிக்கை” என்று திருப்பிப் போடுங்கள். வேறுபடும் சொல் முன்னால் வந்தால் பட்டன் தானே பேசும்.

பிரித்தபின் இஷ்டப்படி இழுத்து அடுக்கலாம் என்று நினைப்பதும் நடக்காது. ஒரு வேர்ட் பட்டனை நகர்த்தினால் எல்லா வேர்ட் பட்டன்களும் கூடவே வரும்.

சேர்த்தே வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றை நானும் செய்திருக்கிறேன். ஒரு விண்டோவை மட்டும் மூட நினைத்து ஐகானில் ரைட் கிளிக் செய்து, அடியில் இருந்த ‘க்ளோஸ் ஆல் விண்டோஸ்’ என்பதை அழுத்தினேன். ‘ஆல்’ கண்ணில் படவே இல்லை. பாதி நிரப்பிய ஒரு படிவம் உட்பட பிரவுசர் மொத்தமும் போயிற்று. ஒன்றை மட்டும் மூட, மவுஸை ஐகான்மேல் நிறுத்தி, மேலே வரும் குட்டிப் படத்தில் மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினால் போதும். ஐகானிலேயே அதை அழுத்தாதீர்கள், புதிதாக இன்னொரு விண்டோ திறக்கும். அப்புறம், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஐகானைக் கிளிக் செய்தால் அந்தச் செயலியில் கடைசியாகப் பார்த்த விண்டோ நேராக வரும். மறுபடி கிளிக் செய்தால் அடுத்தது. பலருக்கு இந்த ஒன்றே போதும், எந்தத் தேர்வையும் மாற்றத் தேவையில்லை.

இரண்டு மானிட்டர் இருந்தால் ஓர் இடத்தில் மாற்றியது இரண்டுக்கும் சேர்த்து என்று எண்ண வேண்டாம். மற்ற டாஸ்க்பார்களுக்கு அதே பக்கத்தில் தனித் தேர்வு உண்டு. ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட டெஸ்க்டாப் (விண்டோக்களைப் பிரித்து வைக்கும் மெய்நிகர் திரைகள்) வைத்திருப்பவர்கள் “விண்டோ தொலைந்துவிட்டது” என்று அதே கோப்பை மறுபடி திறப்பதும் வழக்கம். அது வேறு டெஸ்க்டாப்பில் பத்திரமாக இருக்கும். விண்டோஸ் விசையோடு டேப் அழுத்தினால் தெரியும். எப்போதும் எல்லா டெஸ்க்டாப்பின் விண்டோக்களும் டாஸ்க்பாரில் கண்ணில் பட வேண்டுமென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், மல்டிடாஸ்கிங் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம்.

லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப் சூழலைப் பயன்படுத்துபவர்கள், ஐகான் மட்டும் காட்டும் டாஸ்க் மேனேஜரின் (திறந்த விண்டோக்களைக் காட்டும் பட்டைக்கு அங்கே அதுதான் பெயர்) செட்டிங்ஸில் பெயர் காட்டும் தேர்வைத் தேடித் தேடிச் சலிப்பார்கள். அங்கே அது தனி விட்ஜெட், அதாவது பட்டையில் பொருத்தும் வேறொரு குட்டிக் கருவி. ரைட் கிளிக் செய்து ‘ஷோ ஆல்டர்நேட்டிவ்ஸ்’ போனால் பெயரோடு வரும் டாஸ்க் மேனேஜர் அங்கே இருக்கும்.