அடுக்கு எதற்குச் சொந்தம்? இயற்கணிதக் கோவைகளைச் சுருக்கும் முறை

குறை எண்களைக் கூட்டிக் கழிக்கவும் பின்னங்களைச் சுருக்கவும் தெரிந்திருந்தால் போதும், மேலே படிக்கலாம். பாடநூலில் எக்ஸ், ஒய் என்று வரும் மாறிகளுக்குப் பதில் இங்கே க, ப என்று வைத்துக்கொள்வோம்.

விதிகள் இவ்வளவுதான் (எழுத்தின் மேல் சிறிதாக நிற்கும் எண்தான் அடுக்கு):

க³ × க⁴ = க⁷
க⁷ ÷ க³ = க⁴
(க³)⁴ = க¹²
(கப)³ = க³ப³

முதல் விதியில் அடுக்கைக் கூட்டுகிறோம், மூன்றாவதில் பெருக்குகிறோம். எது எங்கே என்று சந்தேகம் வந்தால் விரித்து எழுதிவிடுங்கள்: ககக × கககக, எண்ணிப் பார்த்தால் ஏழு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1637-இல் இன்றைய அடுக்குக் குறியீட்டைப் பரப்பிய பிரெஞ்சுக் கணித அறிஞர் தெக்கார்த்தே வர்க்கத்தைப் பெரும்பாலும் இப்படி எழுத்தை இருமுறை போட்டுத்தான் எழுதினார்.

முதல் இரண்டு விதிகளுக்கும் அடிமானம் (அடுக்கைத் தாங்கும் எண் அல்லது எழுத்து) ஒன்றாக இருக்க வேண்டும். 2³ × 5² என்பதை அடுக்கைக் கூட்டிச் சேர்க்க முடியாது. க³ + க⁴ என்பதைச் சேர்க்க எந்த விதியும் இல்லை, அப்படியே விட்டுவிடுங்கள்.

பிசகும் இடம்

விதி தெரிந்தவர்களும் மதிப்பெண் இழப்பது இங்கேதான். அடுக்கு, தன் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் ஒன்றுக்கு மட்டுமே சொந்தம். அந்த ஒன்று எண்ணாக இருக்கலாம், எழுத்தாக இருக்கலாம், முழு அடைப்புக்குறியாகவும் இருக்கலாம். அதைத் தாண்டி அடுக்கு எட்டாது.

2க³ என்பதில் 3 என்ற அடுக்கு க-வுக்கு மட்டும். (2க)³ என்றால் கெழுவான (எழுத்தைப் பெருக்கும் எண்) 2-க்கும் சேர்த்து, ஆகவே 8க³. க = 5 என்றால் முதலாவது 250, இரண்டாவது 1000.

7க⁰ = 7. ஆனால் (7க)⁰ = 1 (இரண்டுமே க பூச்சியமாக இல்லாதவரை).

3ப⁻² = 3/ப². கீழே போவது ப மட்டும், 3 மேலேயே நிற்கும். குறை அடுக்கு விடையைக் குறை எண்ணாக்கும் என்ற எண்ணத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். 2³, 2², 2¹, 2⁰ முறையே 8, 4, 2, 1. ஒவ்வொரு படிக்கும் பாதியாகிறது. அடுத்தது 2⁻¹ = 1/2, பிறகு 1/4, 1/8. எனவே 2⁻³ என்பது 1/8, −8 அல்ல.

எல்லாவற்றிலும் மோசமானது கழித்தல் குறி. −3² = −9, (−3)² = 9. முதலாவதில் அடுக்கு 3-ஐ மட்டும் தொடுகிறது, குறி வெளியே நின்று கடைசியில் சேர்கிறது. மாறிக்குக் குறை எண்ணைப் பிரதியிடும்போது அடைப்புக்குறி கட்டாயம். 5 − க² என்பதில் க = −2 என்றால் 5 − (−2)² = 5 − 4 = 1. அடைப்பை விட்டுவிட்டால் இரண்டு கழித்தல் குறிகளும் சேர்ந்து கூட்டலாகி 9 என்று வந்து நிற்கும்.

சுருக்கும் வரிசை

முதலில் அடைப்புக்கு வெளியே உள்ள அடுக்கை உள்ளே கொண்டுபோங்கள். பிறகு எண்களைத் தனியாகவும், ஒவ்வோர் எழுத்தையும் தனியாகவும் கணக்கிடுங்கள். குறை அடுக்கைக் கடைசி வரியில் மட்டும் பின்னமாக்கினால் போதும். நடுவிலேயே மாற்றினால் மாடிப்படி மாதிரிப் பின்னங்கள் முளைக்கும்.

(2க³ப)² × 3கப⁻⁴, இதை 6க⁵-ஆல் வகுக்க வேண்டும்.

அடைப்பை நீக்கினால்: 4க⁶ப² × 3கப⁻⁴
பெருக்கினால்: 12க⁷ப⁻² (தனியாக நிற்கும் க என்பது க¹)
6க⁵-ஆல் வகுத்தால்: 2க²ப⁻²
விடை: 2க²/ப²

கூட்டல் கழித்தல் உள்ள கோவையில் ஒத்த உறுப்புகளை மட்டும் சேர்க்கலாம். எழுத்தும் அதன் அடுக்கும் இரண்டுமே ஒன்றாக இருக்க வேண்டும்.

5க² − 3(க² − 2க + 4) + க
= 5க² − 3க² + 6க − 12 + க
= 2க² + 7க − 12

இரண்டாம் வரியில் +6க வருவதைப் பாருங்கள். −3 உள்ளே இருக்கும் மூன்று உறுப்புகளையும் குறியோடு பெருக்க வேண்டும். முதல் உறுப்போடு நிறுத்திக்கொள்வதும், −6க என்று எழுதுவதும் அன்றாடம் காணும் தவறுகள்.

சரிபார்த்தல்

விடை வந்ததும் கேள்வியிலும் விடையிலும் ஒரே எண்ணைப் போட்டுப் பாருங்கள். 0, 1, 2 வேண்டாம். ஒன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்று. 2 + 2, 2 × 2, 2² மூன்றும் 4. தவறான விடையும் சரிபோலத் தெரியும். 3, 5 நல்ல எண்கள். மேலே இரண்டாவது கணக்கில் க = 3 என்றால் கேள்வி 45 − 21 + 3 = 27, விடை 18 + 21 − 12 = 27. முதல் கணக்கில் க = 3, ப = 5 போட்டால் இரு பக்கமும் 0.72.

(க + ப)² = க² + ப² என்று எழுதும் பழக்கத்தையும் இதே சோதனை ஒழித்துவிடும்: 64 எங்கே, 34 எங்கே!

கருவி என்றால், ஒரே மாறி உள்ள கோவைக்கு, இணையத்தில் வரைபடம் போட்டுக் காட்டும் டெஸ்மாஸ் சிறந்தது. கேள்வியையும் விடையையும் தனித்தனி வரியில் எக்ஸ் வைத்து அடித்தால் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படம் பிடித்தால் வழிமுறையோடு விடை தரும் செயலிகளைத் தாளில் போட்டு முடித்த பிறகு திறப்பதே நல்லது.

பின்சேர்க்கை: கருவிகள் முரண்படும்போது

எக்செலில் −3² என்று சூத்திரமாக அடித்தால் 9 வரும், ஏனென்றால் அங்கே எண்ணுக்கு முன்னால் நிற்கும் குறிக்குத்தான் முதலிடம். 0 − 3² என்று அடித்தால் −9. தேர்வுக்குக் கணித மரபுதான் செல்லும், எக்செல் மரபு அல்ல.

6 ÷ 2(1 + 2) சில கால்குலேட்டர்களில் 1, சிலவற்றில் 9. கேள்வியே தெளிவாக இல்லை என்பதுதான் காரணம். நீங்கள் எழுதும்போது ÷ குறியை விட்டுவிட்டுப் பின்னக் கோடு போடுங்கள், எது மேலே எது கீழே என்ற பேச்சே எழாது.

அந்தக் கோடு போட்டதும் மேலும் கீழும் ஒன்றாக இருப்பதை அடித்து நீக்கத் தோன்றும். (6க + 3)/3 = 2க + 1; மேலே உள்ள இரண்டு உறுப்புகளையும் 3-ஆல் வகுக்க வேண்டும். 2க + 3 தவறு. (க + 6)/க என்பதில் க-வை அடித்து 6 என்று எழுதுவதும் தவறு. அங்கே க கூட்டலில் மாட்டிக்கொண்டிருக்கிறது, பெருக்கலில் இருப்பதை மட்டுமே அடிக்கலாம்.