ஜோயி வோட்டோ கெரியர எப்படிப் படிக்கணும்? கிரிக்கெட் பாத்து வளந்த நம்மூர்க்காரங்களுக்கு

நம்ம நெல்லைப் பசங்க பேஸ்பால் பிளேயர் ரெக்கார்ட தொறந்தா நேரா ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) எத்தனைன்னுதான் பாப்பாங்க. சின்சினாட்டி ரெட்ஸ் டீமுக்கு முதல் பேஸ்ல நின்ன கனடாக்காரர் ஜோயி வோட்டோவுக்கு 17 சீசன்ல 356, சரி பரவால்லன்னு மூடிட்டுப் போயிருவாங்க. மூடாதீங்க மக்கா, இந்த டொரோன்டோக்காரர படிக்க வழியே வேற, சொல்லுதேன்.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் சைட்ல பேரப் போட்டு பேட்டிங் டேபிள்ல பிபி-ங்கிற (BB) பத்திய மொதல்ல பாருங்க. அதான் வாக். ஸ்ட்ரைக் சோனுக்கு (பேட்ஸ்மேன் அடிக்கிற மாதிரி பால் வரவேண்டிய எல்லை) வெளிய நாலு பால் வந்து நீங்க பேட்ட வீசாம விட்டா முதல் பேஸுக்கு (ரன் எடுக்க சுத்தி வரவேண்டிய நாலு எடத்துல மொதலாவது) சும்மா நடந்து போலாம். வோட்டோ இப்படி நடந்தது 1,365 தடவ. பாளையங்கோட்டைல எட்டு ஓவர் டென்னிஸ் பால் மேட்ச்ல ஒரு பால விட்டாலே வெளிய நிக்கவன் "ஏல அடில"ன்னு கத்துவான், ஏன்னா நமக்கு பால் எண்ணிக்கைதான் கணக்கு. அங்க ஓவரே கெடையாது, ஒரு டீமுக்கு 27 அவுட், அவ்வளவுதான், அதனால அவுட் ஆகாம பேஸுக்கு போறவன்தான் பெரிய ஆளு. இது மண்டைல ஏறுனாத்தான் மத்தது புரியும்.

அடுத்து ஓபிபி (OBP) பத்தி, நூத்துக்கு எத்தனை தடவ பேஸுக்கு போனாருங்கிற கணக்கு. 2017-ஐ எடுத்துக்கிடுங்க. பேட்டிங் ஆவரேஜ் (நம்ம கிரிக்கெட் ஆவரேஜ் இல்ல, அடிக்கப் போனதுல எத்தனை பங்கு ஹிட்டுங்கிற கணக்கு) 0.320, ஆனா ஹிட், வாக், உடம்புல பால் பட்டது எல்லாம் சேத்தா ஓபிபி 0.454, லீக்ல சராசரி ஆளுக்கு 0.32 பக்கம் இருந்த வருசம் அது. 134 வாக், ஸ்ட்ரைக் அவுட் (அடிக்காம விட்ட நல்ல பாலோ, வீசித் தவறுனதோ ஒரு ஸ்ட்ரைக், மூணு ஆனா அவுட்) 83தான், கூடவே 36 ஹோம் ரன். அந்த வருசம் எம்விபி, அதாவது லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் விருது, ஓட்டுல ரெண்டே பாயின்ட்ல ஜியான்கார்லோ ஸ்டான்டனுக்குப் போச்சு, எனக்கு இன்னும் ஆறல. மேஜர் லீக்ல உள்ள ரெண்டு லீக்ல ஒண்ணான நேஷனல் லீக்ல ஏழு சீசன் ஓபிபில மொத ஆளு இவருதான்.

நம்பர் போதும், இப்போ வீடியோ. ரெண்டு ஸ்ட்ரைக் ஆனதும் பால விட்டுட்டு கைய மட்டும் பாருங்க. பேட்டோட அடிப்பிடிய விட்டு கை மேல ஏறி நிக்கும், கீழ கட்டை நல்லா நீட்டிக்கிட்டு தெரியும். வீச்சு சின்னதாகும், நல்ல பால தொட்டு ஃபவுல் ஆக்கிக்கிட்டே (கோட்டுக்கு வெளிய தட்டிவிட்டு, அதுக்கு அவுட் கெடையாது) இருப்பாரு, மோசமான பால் வார வரைக்கும். எம்விபி வாங்குன ஒருத்தரு இப்படி பிடிக்கது அபூர்வம், நம்ம பசங்க திரும்பத் திரும்ப பாக்க வேண்டிய எடம் இதுதான்.

வருச வாரியா படிக்கும்போது 2009-ஐ தாண்டிராதீங்க. 2008 ஆகஸ்ட்ல அப்பா இறந்துட்டாரு, அடுத்த வருசம் மனசு ஒடஞ்சு பதற்றம் தாங்காம கொஞ்ச நாள் ஆடாம இருந்து, பெறகு அத பத்திரிகைக்காரங்க முன்னால வெளிப்படையா சொன்னாரு. அந்த சீசன்லயே 0.322 ஆவரேஜ்ல அடிச்சு 2010-ல எம்விபி. 2012-ல சின்சினாட்டி ரெட்ஸ் பத்து வருசத்துக்கு 225 மில்லியன் டாலர் நீட்டிப்பு குடுத்துச்சு, அதுக்கப்புறம் "இம்புட்டு காசு வாங்கிட்டு நடந்து போறாரே, அடிச்சு ரன் எடுக்கக் கூடாதா"ன்னு ஒரு கூட்டம் பேசிட்டே இருந்துச்சு. அவங்க நான் மேல சொன்ன டேபிள ஒழுங்கா படிக்கலன்னுதான் சொல்லுவேன். 2021-ல 37 வயசுல தொடர்ந்து ஏழு மேட்ச்ல ஹோம் ரன் அடிச்சாரு. 2024-ல சொந்த ஊர் டீம் புளூ ஜேஸுக்கு ஆட ஆசப்பட்டு மைனர் லீக்ல (மேஜர் லீக்குக்கு கீழ்மட்டம்) சேந்து, மேஜர் லீக்குக்கு வராமலே ஆகஸ்ட்ல ரிட்டயர் ஆயிட்டாரு.

இத முடிச்சா 2006-ல அமெரிக்கன் லீக் எம்விபி வாங்குன ஜஸ்டின் மோர்னோவ பாருங்க, அவரும் கனடா முதல் பேஸ்மேன்தான். லைவா பாக்கணும்னா மான்ட்ரியால்ல பொறந்து புளூ ஜேஸுக்கு ஆடுத விளாடிமிர் கெரேரோ ஜூனியர், டொரோன்டோல கோடைல ராத்திரி ஏழு மணி மேட்ச் நமக்கு விடியக்காலம் நாலரை, அலாரம் வச்சுக்கிடுங்க.