மூன்றாம் தரத்துக்கு முன்னால்: வணிகச் சட்டம் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.காம்., பி.பி.ஏ. மாணவர்கள் பலர் பிஸினஸ் லா தாளை மனப்பாடத் தாள் என்றே நினைத்துப் படிக்கிறார்கள். வரையறை, பிரிவு எண், ஆண்டு, ஆறு அம்சங்கள் என்று எல்லாம் தலைக்குள் ஏறிவிடும். 'அ என்பவர் ஆ என்பவரிடம் இவ்வளவு சரக்கை விற்க ஒப்புக்கொண்டார்' என்று ஒரு கேள்வி தொடங்கியதும் பேனா நின்றுவிடும். படித்தது போதாமல் இப்படி ஆவதில்லை. யார் என்ன சொன்னார், எப்போது சொன்னார், எந்தக் கணத்தில் பேச்சு உறுதியானது என்று பார்க்கும் பழக்கம் இல்லாததால் ஆகிறது. பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற கடற்கரை ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எளிதாக வர வேண்டும். விடியற்காலையில் கரையில் நடக்கும் மீன் வியாபாரத்தில் இந்தத் தாளின் பாதி இருக்கிறது.

ஏலத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு கூடை நண்டு ஏலத்துக்கு வருகிறது. ஒருவர் 4,000 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 4,200. ஏலம் விடுபவர் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது 4,200 கேட்டவர் 'வேண்டாம்' என்று பின்வாங்குகிறார். அவரைக் கட்டாயப்படுத்த முடியுமா? 'முடியும், சொன்ன சொல் சொன்னதுதான்' என்று எழுதுவோர் ஏராளம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூடையை ஏலத்துக்கு வைப்பது முனைவு (ஒப்பந்தத்துக்கு முன்வந்து சொல்லும் சொல், 'ஆஃபர்') ஆகாது; முனைவு தரச் சொல்லி விடுக்கும் அழைப்பு மட்டுமே. விலை கேட்பதுதான் முனைவு. ஏற்பு நிகழ்வது சுத்தியல் விழும்போது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64, சுத்தியலை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. 'வழக்கமான வேறு முறையில்' அறிவித்தாலும் விற்பனை முடிந்தது என்கிறது. நம் கரையில் அந்த வேறு முறை 'மூணு தரம்'. அது சொல்லப்படும்வரை கேட்டவர் தன் விலையைத் திரும்பப் பெறலாம். சொன்ன பிறகு பெற முடியாது. விற்பவரே ஆளை நிறுத்திப் பொய்யாக விலை ஏற்றியிருந்தால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். இவ்வளவும் அந்த ஒரே பிரிவுக்குள் இருக்கிறது. ஏலம் நடக்கும் என்று விளம்பரம் பார்த்துப் பயணச் செலவு செய்து வந்தவர், ஏலம் நடக்காததால் நட்டஈடு கேட்டுத் தோற்ற ஹாரிஸ் – நிக்கர்சன் வழக்கையும் (1873) இதே விடையில் இரண்டு வரியில் சேர்த்துவிடலாம்.

ஏலம் முடிந்த பிறகு அடுத்த தவறு காத்திருக்கிறது. 'பணம் கொடுக்கும்வரை மீன் விற்றவருடையதுதான்' என்பது கரையில் பேச்சாக இருக்கலாம். விடைத்தாளில் அது பிழை. குறிப்பிட்ட சரக்கு, ஒப்படைக்கத் தயாரான நிலையில், நிபந்தனை ஏதுமின்றி விற்கப்பட்டால், ஒப்பந்தம் ஆன கணத்திலேயே உரிமை வாங்கியவருக்குப் போய்விடுகிறது. பணம் நாளைக்கு, சரக்கு சாயங்காலத்துக்கு என்று தள்ளி வைத்திருந்தாலும் இதுதான் நிலை (பிரிவு 20). உரிமை எங்கே போகிறதோ, இடர்ப்பாடும் அங்கேதான் போகும் (பிரிவு 26). ஏலத்தில் எடுத்த இறாலை ஐஸ் போதாமல் ஏற்றி, வண்டி பரமக்குடி தாண்டும் முன் அது கெட்டுப்போனால், நட்டம் வாங்கியவருடையது. வேறு மாதிரி பேசியிருந்தால் இது மாறும்.

இதையே சற்றுத் திருப்பிப் பாருங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவர், 'நாளைக்கு வலையில வர்ற மீனை உங்களுக்கே தர்றேன்' என்கிறார். இது விற்பனை அல்ல. மீன் இன்னும் கடலில் இருக்கிறது. எதிர்காலச் சரக்கை 'விற்றேன்' என்று வாயால் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது விற்பதற்கான உடன்பாடுதான் (பிரிவு 6). ஆகவே உரிமை மாறவில்லை, இடர்ப்பாடும் மாறவில்லை. மீன் தராவிட்டால் வியாபாரி நட்டஈடு கேட்கலாம். குறிப்பிட்ட ஒரு கூடையைக் காட்டி 'இது என்னுடையது' என்று உரிமை கொண்டாட முடியாது. விற்பனைக்கும் விற்பதற்கான உடன்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணை போட்டு எழுதும் மாணவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்தால் விடைக்கு உயிர் வரும்.

கெட்டுப்போகும் சரக்குக்குச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. அதைப் பாடநூலின் கடைசிப் பக்கங்களில் புதைந்து கிடக்கிறதென்று பலர் விட்டுவிடுகிறார்கள். விலை பெறாத விற்பனையாளர் சரக்கை வேறொருவருக்கு மறுவிற்பனை செய்வதென்றால், பொதுவாக முதலில் அறிவிப்புத் தர வேண்டும். மீன் போன்று அழுகும் சரக்குக்கு அந்த அறிவிப்பு தேவையில்லை. நியாயமான நேரத்துக்குள் பணம் வராவிட்டால் விற்றுவிடலாம், பேசிய விலையில் குறைந்த தொகையை முதல் வாங்குநரிடம் கேட்கலாம் (பிரிவு 54). மீனுக்கு எது நியாயமான நேரம், இரும்புக் கம்பிக்கு எது நியாயமான நேரம் என்று ஒரு வரி எழுதினால், கேள்வியைப் புரிந்து எழுதியவர் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

சொற்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வரும் இடங்களில்தான் மதிப்பெண் அதிகம் கசிகிறது. உடன்பாடு வேறு, ஒப்பந்தம் வேறு. சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாடே ஒப்பந்தம் (1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 2). 'செல்லாதது' என்னும் வாய்ட் வேறு, 'தவிர்தகு' என்னும் வாய்டபிள் வேறு. மிரட்டியோ ஏமாற்றியோ ஒப்புதல் வாங்கினால் அது தவிர்தகு ஒப்பந்தம். பாதிக்கப்பட்டவர் நினைத்தால் ரத்து செய்யலாம், நினைத்தால் தொடரலாம். இரு தரப்பும் முக்கியமான ஓர் உண்மையைத் தவறாக நம்பியிருந்தால் அது செல்லாதது. இளவர் (பதினெட்டு வயது நிறையாதவர்) செய்த உடன்பாட்டைத் தவிர்தகு என்று எழுதுவது ஆண்டுதோறும் வரும் பிழை. மோஹரி பீபி – தர்மதாஸ் கோஷ் வழக்கில் (1903) அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. பதினேழு வயதுப் பையன் பதினெட்டு ஆனதும் 'அன்று சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்' என்று சொன்னாலும் பழைய உடன்பாட்டுக்கு உயிர் வராது. அவனுக்கு வழங்கிய அத்தியாவசியப் பொருளுக்கான விலையை அவன் சொத்திலிருந்து பெறலாம், அவனிடமிருந்து நேரடியாக அல்ல. 'சொத்திலிருந்து' என்ற சொல்லை விட்டுவிட்டால் விடையே மாறிவிடும்.

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால்தான் ஒப்பந்தம் என்ற நம்பிக்கையை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். பிரிவு 10 எழுத்தைப் பொது நிபந்தனையாக்கவில்லை. வேறு சட்டம் கேட்கும் இடங்களில் மட்டும் எழுத்தும் பதிவும் வேண்டும். கரையில் வாய்ப்பேச்சில் நடக்கும் விற்பனை முழு ஒப்பந்தம். நிரூபிப்பது கடினம் என்பது வேறு விஷயம், அது செல்லாது என்பது வேறு விஷயம், இரண்டையும் குழப்பாதீர்கள்.

இங்கிலாந்துச் சட்டத்தை இந்தியச் சட்டத்துக்குள் ஊற்றி எழுதுவது நாம் பார்க்கும் மிக மோசமான தவறு. பாடநூல்களில் இங்கிலாந்து வழக்குகள் நிறைய இருப்பதால் இது நடக்கிறது. மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது) வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே வர வேண்டும் என்பது அங்குள்ள விதி. இங்கே 'வாக்குறுதி பெற்றவரோ வேறு எவரோ' தந்தால் போதும். சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னய்யா – ராமய்யா வழக்கு (1882) இதற்குச் சரியான சான்று: தாய் மகளுக்குச் சொத்து கொடுக்கிறார், தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும் என்ற கட்டளையோடு, மகள் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு மறுக்கிறாள். மறுபயன் அந்த உடன்பிறந்தவரிடமிருந்து வரவில்லை என்ற மகளின் வாதம் தோற்றது. அஞ்சலில் ஏற்பு அனுப்பும் விதியும் இப்படித்தான். கடிதம் தபாலில் சேர்ந்ததும் முனைந்தவர் கட்டுப்படுகிறார். ஏற்றவரோ, கடிதம் முனைந்தவர் கைக்குப் போய்ச் சேரும்வரை தன் ஏற்பைத் திரும்பப் பெறலாம் (பிரிவுகள் 4, 5). இங்கிலாந்தில் இந்த இரண்டாம் பாதி இல்லை.

வழக்கின் பெயரை மட்டும் எழுதி நகர்ந்துவிடுவதும் பயனற்றது. 'லால்மன் சுக்லா – கௌரி தத் (1913)' என்று எழுதினால் அது வெறும் பெயர். காணாமல் போன பையனைத் தேடிப்போன வேலையாள், வெகுமதி அறிவிப்பு தெரியாமலேயே கண்டுபிடித்துவிட்டு, பிறகு வெகுமதி கேட்டார், கிடைக்கவில்லை. தெரியாத முனைவை ஏற்க முடியாது என்று எழுதினால் அது சான்று. பிரிவு எண் நினைவில் இல்லையா, விதியைச் சொந்தச் சொற்களில் சரியாக எழுதுங்கள். தவறான எண்ணைப் போடுவதைவிட எண் இல்லாத விடை நல்லது.

மீன்பிடித் தடைக்காலத்தை ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 56க்கு (நிறைவேற்ற இயலாமல் போகும் ஒப்பந்தம்) எடுத்துக்காட்டாக எழுதும் ஆசை இந்தக் கரை மாணவர்களுக்கு இயல்பு. கவனமாக எழுதுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஒரு சம்மாட்டி பிப்ரவரியில், 'மே 10 அன்று என் விசைப்படகில் பிடித்த 500 கிலோ கணவாய் தருகிறேன்' என்று ஒப்புக்கொண்டால், தடையைக் காட்டி ஒப்பந்தம் முறிந்தது என்று சொல்ல முடியாது. தடை ஒப்பந்தத்துக்குப் பின் திடீரென்று வந்ததல்ல, ஆண்டுதோறும் வருவது. இயலாது அல்லது சட்டவிரோதம் என்று அவருக்குத் தெரிந்திருந்து, அல்லது விசாரித்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில், எதிர்த் தரப்புக்குத் தெரியாதிருந்தால், அவர் நட்டஈடு தர வேண்டும் என்று அதே பிரிவின் மூன்றாம் பத்தி சொல்கிறது. அந்தப் பத்தியைத் தொடாமல் விடுவோரே அதிகம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் வேறு வகை. அதற்கு முந்தைய வாரம் ஒருவர் தனுஷ்கோடியில் ஒரு கொட்டகையில் ஜனவரியில் நிகழ்ச்சி நடத்தப் பேசியிருந்தால், கொட்டகை போனதோடு அந்த ஒப்பந்தமும் போயிற்று. நிகழ்ச்சி அரங்கம் எரிந்துபோன டெய்லர் – கால்டுவெல் வழக்கின் (1863) நிலை அது. லாபம் குறைந்தது, டீசல் விலை ஏறியது என்பதெல்லாம் இயலாமை ஆகாது. சத்யபிரத கோஷ் – மக்னீராம் பாங்கூர் (1954) தீர்ப்பைப் படித்தால், சொல்லளவில் இயலாமை தேவையில்லை, ஒப்பந்தத்தின் அடிப்படை நோக்கமே கவிழ்ந்திருக்க வேண்டும் என்பது புரியும்.

நட்டஈட்டுக் கணக்கில் வரும் பிழை கூட்டல் பிழை அல்ல, எதைக் கழிப்பது என்ற பிழை. கிலோ 300 ரூபாய்க்கு 200 கிலோ கணவாய் தருவதாகச் சொன்னவர் தரவில்லை. அன்றைய சந்தை விலை 340 என்று வைத்துக்கொள்வோம். பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் நட்டஈடு 200 × 40 = 8,000 ரூபாய். 68,000 என்று எழுதுவோர் வாங்குநருக்கு இலவசமாக மீன் வாங்கித் தருகிறார்கள். முன்பணமாக 60,000 கொடுத்திருந்தால் அது திரும்ப வரும், அதன் மேல் 8,000. வெளிநாட்டு ஆர்டர் போய்விட்டது என்று வாங்குநர் கூடுதலாகக் கேட்டால், ஒப்பந்தம் செய்தபோதே அதைச் சொல்லியிருந்தாரா என்று பார்க்க வேண்டும். ஹேட்லி – பாக்சென்டேல் (1854) இங்கேதான் வரும்.

கூட்டு வணிகப் பகுதியில், இரண்டு பேர் சேர்ந்து ஒரு படகு வைத்திருந்தால் அவர்கள் கூட்டாளிகள் என்று முடிவு கட்டுகிறார்கள். பொதுச் சொத்தின் வருமானத்தைப் பங்கிடுவது மட்டும் கூட்டாண்மை ஆக்காது. படகில் போகும் தொழிலாளிக்குக் கூலிக்குப் பதிலாகப் பங்கு கொடுத்தாலும் அவர் அதனால் மட்டும் கூட்டாளி ஆகமாட்டார். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் பிரிவு 6 இரண்டையும் சொல்கிறது. ஒருவர் மற்றவருக்காகச் செயல்படும் முகமை உறவு இருக்கிறதா என்பதே சோதனை. பதிவு செய்யாத நிறுவனம் செல்லாதது என்று எழுதாதீர்கள். அது செல்லும், வெளியாள் மீது ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட முடியாது, வெளியாள் அதன்மீது போடலாம்.

பழைய கைடு ஒன்று அண்ணன் அக்காவிடமிருந்து வந்தால் முதலில் மூன்று இடங்களைத் திருப்பிப் பாருங்கள். கூட்டாளிகள் அதிகபட்சம் 20 என்று இருந்தால் அது பழையது; இப்போது 50. நுகர்வோர் சட்டம் 1986 என்று இருந்தால் அதுவும் பழையது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, மாவட்ட ஆணையத்தின் வரம்பு இப்போது கொடுத்த விலையில் 50 லட்சம் ரூபாய் வரை. எம்.ஆர்.டி.பி. சட்டம் (பழைய ஏகபோகத் தடைச் சட்டம்) நடப்பில் இருப்பதாகச் சொன்னால் அந்தப் புத்தகத்தை மூடிவிடுங்கள். நுகர்வோர் பகுதியில் ஒரு நுணுக்கமும் உண்டு: வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர், ஆனால் சொந்த உழைப்பால் பிழைக்க மட்டும் நாட்டுப்படகுக்கு எஞ்சின் வாங்கிய மீனவர் நுகர்வோரே.

பணமின்றித் திரும்பிய காசோலை பற்றிய கேள்வியில் நாளை எண்ணத் தெரியாமல் தோற்பவர்களுக்கு ஒரு கணக்கு. வங்கி திருப்பிய தகவல் மார்ச் 3 அன்று கிடைத்தது. அந்த நாளை விட்டுவிட்டு 30 நாள்: ஏப்ரல் 2க்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். காசோலை கொடுத்தவருக்கு நோட்டீஸ் மார்ச் 20 அன்று சேர்ந்தால் 15 நாள் அவகாசம் ஏப்ரல் 4 வரை. ஏப்ரல் 5 அன்று வழக்குக் காரணம் பிறக்கிறது. அந்த நாளையும் விட்டு எண்ணினால் மே 5க்குள் புகார் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 3 அன்றே புகார் கொடுத்ததாகக் கேள்வியில் வந்தால், அவகாசம் முடியவில்லை என்பதே விடையின் முதல் வரி.