நான்கு ஒன்பதுகள்: எரியுலைக் கணக்கில் நேரும் தவறுகள்

அபாயக் கழிவை எரிக்கும் உலைகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அளவுகோல், ‘அழித்து நீக்கும் திறன்’ 99.99 சதவீதம்: அதாவது நான்கு ஒன்பதுகள். மணிக்கு 100 கிலோ குளோரோபென்சீன் (குளோரின் கலந்த ஒரு கரிமச் சேர்மம்) உள்ளே போனால், புகைபோக்கி வழியே 10 கிராமுக்கு மேல் வரக் கூடாது. பிசிபி எனப்படும், எளிதில் சிதையாத குளோரின் சேர்மங்கள் கொண்ட கழிவுகளுக்கு இன்னும் கடுமை: 99.9999.

இந்த எண்ணை ‘எரிந்து அழிந்த அளவு’ என்று வாசிப்பதுதான் முதல் தவறு. உள்ளே போனதையும் புகைபோக்கியில் வெளிவந்ததையும் மட்டுமே இது ஒப்பிடுகிறது. எரியாமல் சாம்பலில் தங்கியதும், புகையைக் கழுவும் நீரில் சேர்ந்ததும் ‘நீக்கப்பட்டவை’ கணக்கில் போய்விடும். சாம்பலையும் கழுவுநீரையும் தனியே சோதிக்காத அறிக்கை அரைகுறைதான். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களுக்கோ இந்தச் சதவீதமே பொருந்தாது. நெருப்பு அவற்றை இடம் மாற்றுமே தவிர அழிக்காது.

அதைவிட மோசமானது, உலையில் புதிதாகப் பிறப்பதைக் கவனிக்காமல் விடுவது. கழிவில் டையாக்சின் என்ற கொடிய நச்சு துளியும் இல்லாதபோதும், குளோரின் கலந்த புகை ஆறும்போது, ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில், சாம்பல் துகள்களின் மேல் அது உருவாகும். செம்பு இருந்தால் இன்னும் எளிது. ஆயிரம் டிகிரிக்கு மேல் நன்றாக எரித்துவிட்டு, புகையை மெதுவாகக் குளிரவிடும் ஆலை, நான்கு ஒன்பதுகளைக் காட்டிக்கொண்டே டையாக்சினையும் கக்கலாம். டையாக்சினைத் தனியே அளந்தே ஆக வேண்டும்.

உலையின் திறனை நிரூபிக்கும் சோதனை எரிப்புக்கு எளிதில் எரியும் சேர்மத்தைத் தேர்ந்தெடுப்பது, வினாத்தாளைத் தானே எழுதிக்கொள்வது போல. எரிய அடம்பிடிக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு போன்றது வேண்டும். அதையும் போதிய அளவு ஊட்ட வேண்டும். கொஞ்சமே ஊட்டினால், புகையில் ‘எதுவும் அகப்படவில்லை’ என்ற முடிவு கருவியின் எல்லையைச் சொல்கிறதே ஒழிய, உலையின் திறனைச் சொல்வதில்லை.

ஆக்சிஜன் திருத்தத்தை, அதாவது புகையில் கலந்த கூடுதல் காற்றுக்கு ஏற்ப அளவீட்டைத் திருத்துவதை, மறப்பவர்களும் உண்டு. அரைகுறை எரிப்பைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் மோனாக்சைடின் வரம்பு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு), புகையில் 7 சதவீத ஆக்சிஜன் இருப்பதாகக் கொண்டு. புகையில் ஆக்சிஜன் 14 சதவீதமாக இருக்கையில் கருவி 60 காட்டினால் மகிழ வேண்டாம்: திருத்தினால் 120 (காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்பதால், 21−7 ஐ 21−14 ஆல் வகுத்தால் 2 மடங்கு). காற்றைக் கலந்து நீர்த்துப்போகச் செய்தால் மாசு குறைந்துவிடாது.

கடைசியாக, சோதனை நாளின் எண்ணை ஆண்டு முழுவதற்கும் நீட்டாதீர்கள். அன்று நிரூபித்த வெப்பநிலைக்குக் கீழே உலை இறங்கினால் கழிவு ஊட்டம் தானாக நிற்க வேண்டும். அது எத்தனை முறை நின்றது, ஏன் நின்றது என்ற பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.