ரெண்டே பேரில் ஒரு இண்டி குழு: கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டே தொடங்குவது எப்படி

கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் கிட்டார். என்னோடு பாடுகிறவர் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் அக்கா. ஏழு வருடத்தில் சொந்தமாக எழுதி, மெட்டமைத்து, பதிவு செய்து பதினோரு பாட்டு வெளியிட்டிருக்கிறோம். இருவரும் வேலையை விடவில்லை, சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபோகவும் இல்லை. மாதம் ஒருவராவது போன் செய்து, "அண்ணா, நானும் என் ஃப்ரெண்டும் இப்படி ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எங்கிருந்து தொடங்கறது?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மைக் வாங்கும் முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள்

அக்காவை முதலில் பார்த்தது ஒரு மாரியம்மன் கோவில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில். நான் ரிதம் கிட்டார், அவர் பெண் குரல். இடைவேளையில் டீ குடிக்கும்போது, "நீ மூணாவது பாட்டுல சரணத்துக்கு முன்னாடி அவசரப்பட்ட தம்பி" என்றார். சரியாகத்தான் சொன்னார். இப்படி முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆளோடுதான் சேர வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. உங்களைப் போலவே வாசிக்கிற, உங்களுக்குப் பிடித்ததே பிடிக்கிற நண்பர் பழகுவதற்கு நல்லவர். பாட்டு செய்ய, உங்களால் முடியாததைச் செய்கிறவர் வேண்டும். எனக்கு வரிகள் மறந்துவிடும், அக்காவுக்கு மறக்காது. அவருக்குக் கம்ப்யூட்டரைத் தொடப் பிடிக்காது, எனக்கு அதில் விடியவிடிய உட்காரப் பிடிக்கும்.

ஐந்து பேர் குழுவில் சண்டை வந்தால் மூன்றுக்கு இரண்டு என்று முடிந்துவிடும். இரண்டு பேரில் எப்போதும் ஒன்றுக்கு ஒன்று. தீர்த்துவைக்க மூன்றாவது ஆள் கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு விதி: பாட்டின் முதல் துணுக்கை யார் கொண்டுவந்தாரோ, அந்தப் பாட்டில் கடைசி வார்த்தை அவருடையது. மற்றவர் மூன்று முறை வாதாடலாம். நாலாவது முறை பேச்சு கிடையாது. இந்த ஒரு விதி எங்களைப் பல ராத்திரிகளில் காப்பாற்றியிருக்கிறது.

அப்புறம் அந்த நோட்டு. நல்ல உறவில் இருக்கும்போதே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விஸ்வநாதன்-ராமமூர்த்தி 1952-ல் இணைந்து 1965-ல் பிரிந்தார்கள். மறுபடி ஒரு படத்துக்குச் சேர்ந்தது 1995-ல். அவ்வளவு பெரியவர்களுக்கே 13 வருடம்தான் வாய்த்தது என்றால், நாம் பிரிவதைப் பற்றி முதல் நாளே பேசுவதில் அபசகுனம் எதுவும் இல்லை. எங்கள் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: யார் எழுதினாலும் வரிக்கும் மெட்டுக்கும் பாதிப் பாதி. பதிவுக்கும் பாதிப் பாதி. போட்ட செலவு திரும்பி வந்தபிறகுதான் பங்கு. ஒருவர் விலகினால் குழுப் பெயரை மற்றவர் தனியாகப் பயன்படுத்தக் கூடாது, பழைய பாட்டுகளை இருவரும் மேடையில் பாடலாம்.

வரி, மெட்டு, பதிவு என்று ஏன் பிரித்து எழுத வேண்டும் என்றால், 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று சொத்து இருக்கிறது. பாடல் வரி ஒன்று, இசையமைப்பு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. உங்கள் பாட்டை வேறொருவர் மேடையில் பாடினால் முதல் இரண்டுக்கும் வேலை உண்டு, மூன்றாவதற்கு இல்லை. 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கிற காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். யாராவது "எல்லா உரிமையும் எங்களுக்கு" என்று பேப்பரை நீட்டினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்

பெயர் வைக்கும்போது ழ வரும் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன். எனக்கும் ழ பிடிக்கும்தான். ஆனால் கேட்பவர்கள் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். ஒருவர் இஸட் போடுவார், ஒருவர் எல் போடுவார், பாட்டு கிடைக்காது. ஸ்பாட்டிஃபை, யூடியூப், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் அதே பெயரில் வேறு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும், திரும்ப எடுப்பது பெரிய வேலை.

சுருதி

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் குழு என்றால் முதல் சிக்கல் இதுதான். அக்காவுக்கு ஐந்தரைக் கட்டை, எனக்கு ஒரு கட்டை. நடுவில் ஒரு சுருதியைப் பிடித்தால் இருவருக்குமே குரல் சோர்ந்துபோகும். நாங்கள் செய்வது, பாட்டை அக்காவின் சுருதியிலேயே வைத்துவிட்டு, மெட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் தாளில் குறித்துக்கொள்வோம். என் குரல் எட்டுகிற இடத்தில் மட்டும் நான். மற்ற இடத்தில் அவருக்குக் கீழே ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கிட்டாரில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் விரல் பழகிய கார்டுகளையே வைத்துக்கொண்டு சுருதியை ஏற்றிக்கொள்ளலாம். ரெண்டு பேர் பாட்டில் இடைவெளி நிறைய இருக்கும். அதை கீபோர்டு, ஸ்ட்ரிங்ஸ் என்று நிரப்பாதீர்கள். அந்த வெற்றிடத்தில்தான் ரெண்டு குரலும் தனித்தனியாகக் கேட்கும்.

வரிகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்

எங்கள் மூன்றாவது பாட்டுக்கு நான் முதலில் எழுதியது, "உன் நினைவில் என் நெஞ்சம் கரையுதே". அக்கா படித்துவிட்டுக் கேட்டார்: "இப்படி நீ யாருகிட்டயாவது பேசியிருக்கியா தம்பி?" இல்லை. "அப்ப நீ தினமும் பாக்கறத எழுது."

அப்போது ஜூன் மாதம். தொழிற்சாலை வாசலில் லாரி லாரியாகப் பெங்களூரா மாங்காய் நிற்கும். வெளியூரில் கிளிமூக்கு என்பார்கள், நுனி வளைந்திருக்கும். காம்பைக் கிள்ளினால் பால் பீறிட்டு வரும். கையில் பட்டால் சோப்பு போட்டாலும் அந்தப் பிசுபிசுப்பு போகாது. தோலில் அப்படியே விட்டால் புண்ணாகிவிடும். தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் எடுப்போம். அன்றைக்கு சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே, எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்:

காம்பு கிள்ளின மாங்கா போல
கையெல்லாம் ஒட்டுது உன் பேரு

அக்கா ஒன்றும் சொல்லவில்லை, பாடிக்காட்டினார். "ஒட்டுது" என்ற இடத்தில் ட்-டை அழுத்தி ஒரு நொடி நிறுத்தினார். மெட்டு அங்கிருந்துதான் பிறந்தது.

அதனால் நான் சொல்வது: மெட்டுக்கு முன்னால் வரியை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். பேச்சில் எந்த எழுத்து அழுந்துகிறதோ அதன் மேலேயே தாளத்தின் தட்டு விழ வேண்டும். குறில் வரும் இடத்தில் மெட்டை இழுத்தால் சொல்லே மாறிப்போகும். 'படம்' பாடுகிறவர் வாயில் 'பாடம்' ஆகிவிடும். நம் பக்கத்துப் பேச்சில் தெலுங்கும் கன்னடமும் கலந்திருக்கும். வீட்டில் அப்படித்தான் பேசுவீர்கள் என்றால் பாட்டிலும் அப்படியே வரட்டும், திருத்தாதீர்கள்.

பதிவு: ராகி மூட்டை அறை

எங்கள் ஸ்டுடியோ காவேரிப்பட்டணம் பக்கத்தில் என் பாட்டி வீட்டு ஸ்டோர் ரூம். எட்டுக்குப் பத்து அடி. மூன்று சுவரிலும் மார்பு உயரத்துக்கு ராகி மூட்டை. உள்ளே நின்று ஒரு தட்டு கைதட்டினால் சத்தம் அங்கேயே அடங்கிவிடும், கூடத்தில் தட்டினால் கணகணவென்று திரும்பி வரும். உங்கள் வீட்டில் ஒவ்வொரு அறையிலும் இப்படிக் கைதட்டிப் பாருங்கள். மூட்டை இல்லாவிட்டால் பஞ்சு மெத்தையைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். மைக் பாடுபவரைப் பார்த்துத்தானே இருக்கிறது, பின்சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம்தான் நேராக அதற்குள் போகும். ஒரு எச்சரிக்கை: தானிய அறையில் தூசி இருக்கும். பெருக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாட வேண்டும். முதல் நாள் தெரியாமல் உடனே பாடி, அக்காவுக்கு இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

தேவையான சாமான்: இரண்டு உள்ளீடு உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், காதை முழுக்க மூடும் ஹெட்போன், லேப்டாப். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், இன்டர்ஃபேஸில் அதற்கு ஒரு பட்டன் இருக்கும். அதைப் போடாமல் மைக் கெட்டுப்போச்சு என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போனவர்கள் உண்டு. மைக்கில் இருந்து வாய் ஒரு சாண் தூரம். ப, ம்ப வரும்போது காற்று அடிக்காமல் இருக்க எம்பிராய்டரி வளையத்தில் நைலான் துணியை இழுத்துக் கட்டி முன்னால் வையுங்கள், கடையில் விற்பதும் ஏறக்குறைய அதேதான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். உரக்கப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். சிவப்பைத் தொட்டால் அந்த எடுப்பை அழித்துவிட்டு மறுபடி பாடுங்கள், பிறகு சரிசெய்யலாம் என்று வைக்காதீர்கள்.

கிராமத்து வயரிங்கில் எர்த் சரியாக இருக்காது, ஹெட்போனில் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் கேட்கும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். யூஎஸ்பியிலேயே ஓடுகிற இன்டர்ஃபேஸ் வாங்கினால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. நாங்கள் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் தொடங்குவோம். பெங்களூர் ரோட்டில் லாரி கியர் மாற்றும் சத்தம் வந்தால் அந்த வரியை மறுபடி எடுப்போம். மழை பெய்த ராத்திரியில் தவளைகள் விடவில்லை. ஒரு பாட்டின் முடிவில் அந்தச் சத்தத்தை அப்படியே வைத்துவிட்டோம்.

வெளியிடுவது

விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் போக முடியும். வெளியீட்டுத் தேதிக்கு நாலு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். பாட்டுப் பட்டியல்களுக்குத் தேர்வு செய்கிற ஸ்பாட்டிஃபையின் குழுவுக்குப் பாட்டை அனுப்ப வேண்டுமானால் குறைந்தது 7 நாள் முன்பாக அது அவர்களிடம் இருக்க வேண்டும். முதல் பாட்டை வியாழக்கிழமை ஏற்றி வெள்ளிக்கிழமை வெளியிட்டோம், அந்த வாய்ப்பே போய்விட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாளக் குறியீடு ஒன்று கிடைக்கும், அதை நோட்டில் எழுதிவையுங்கள். எழுதுபவரும் இசையமைப்பவரும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கத்தில் தனித்தனியாக உறுப்பினராகச் சேருங்கள். அங்கே பங்கைப் பதியும்போது உங்கள் நோட்டில் இருக்கிற பங்கும் அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

பணம் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஒலித்தால்தான் ஒலிப்பதிவுக்கான காசு வரும். எங்கள் பதினொன்றில் நாலுதான் அந்தக் கோட்டைத் தாண்டியது. அந்தத் தொகையை வைத்து வாழ முடியாது. ஆனால் பாட்டு அங்கே இருப்பதால்தான் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

இலவச லூப்புகளில் (திரும்பத் திரும்ப ஓடவிடுகிற இசைத் துணுக்குகளில்) கவனமாக இருங்கள். ஐந்தாவது பாட்டில் இணையத்தில் கிடைத்த ஒரு உடுக்கைத் தாளத்தைப் போட்டோம். யாரோ அதே லூப்பைத் தங்கள் பாட்டிலும் போட்டு யூடியூபில் உரிமை பதிந்திருந்தார்கள், எங்கள் பாட்டின் வருமானம் மூன்று மாதம் அவர்களுக்குப் போனது. அக்கா மிகவும் மனமுடைந்துபோனார். அதன்பிறகு பெரியப்பாவின் உடுக்கையைக் கடன் வாங்கி நாங்களே வாசித்துப் பதிகிறோம். சத்தமும் அதுதான் நன்றாக இருக்கிறது.

மேடை

கிருஷ்ணகிரியின் நல்ல நேரம், 90 கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே தமிழ்ப் பாட்டு கேட்க ஆள் இருக்கிறார்கள். தருமபுரி, சேலம் கல்லூரி விழாக்களும் உண்டு. 40 நிமிடத்துக்கு எட்டுப் பாட்டு தயார் செய்யுங்கள். உடுக்கை, பேஸ் எல்லாம் முன்பே பதிந்துவைத்ததில் இருந்து வர வேண்டுமென்றால், ஒரே ஆடியோ கோப்பில் இடது பக்கம் கிளிக் (தாளம் காட்டும் 'டக் டக்' சத்தம்), வலது பக்கம் இசை என்று பிரித்துப் பதிந்துகொள்ளுங்கள். இடது பக்கம் என் காதுக்கு, வலது பக்கம் மேடை ஸ்பீக்கருக்கு. தனி டிரம்மர் இல்லாமலே தாளம் நழுவாது.

பாதிப் பணம் முன்பணமாக வராமல் பஸ் ஏறாதீர்கள். ஒரு முறை "நிகழ்ச்சி முடிஞ்சதும் தந்துடறோம் சார்" என்ற வார்த்தையை நம்பிப் போய், எட்டு மாதம் போன் செய்தேன். வரவே இல்லை.

மே முதல் ஜூலை வரை எனக்கு மாங்காய் சீசன், அக்காவுக்கு ஜூனில் பள்ளி திறந்துவிடும். அந்த மூன்று மாதத்துக்கு நிகழ்ச்சி ஒப்புக்கொள்வதில்லை, வாரம் ஒரு போன் மட்டும். மற்ற மாதங்களில் பெங்களூரில் நிகழ்ச்சி முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிப்போம். உட்கார்ந்ததும் அக்கா நோட்டை எடுப்பார், நான் சொல்லச் சொல்ல எழுதுவார்: பஸ் 2 டிக்கெட், டீ, கிட்டார் கம்பி 1 செட், மீதி பாதிப் பாதி. ஓசூர் தாண்டுவதற்குள் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அதன்பிறகு ஆளுக்கொரு ஜன்னல், தூக்கம்.